முழுக் கூடுதல் பொறுப்பு

ஆவூர் சந்தனராஜ் எதையும் இருமுறை பார்ப்பவர் என்று உறவினர்கள் சொல்வதுண்டு. அது சரியன்று. அவர் எதையும் ஒருமுறைதான் பார்ப்பார். இரண்டாம் முறை வேறொருவர் பார்த்தாக வேண்டும் என்பதே அவருடைய வழக்கம். அவர் வீட்டைப் பூட்டினால், பூட்டை இழுத்துப் பார்ப்பது மனைவி ஸ்வீட்டியின் வேலை. ஸ்வீட்டி அடுப்பை அணைத்தால், சிலிண்டரின் திருகைத் தொட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. பேருந்தில் நடத்துநரிடம் பயணச்சீட்டு வாங்கிய பின்னரும், பக்கத்து இருக்கைக்காரரிடம், "இது கீரனூர் வழியாத்தானே போகுது?" என்று கேட்காமல் அமரமாட்டார். பெண் பார்க்கப் போன நாளில் ஸ்வீட்டியைக் கண்டு மனம் நிறைந்தபின், தம் தமக்கையையும் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி வேண்டினார். செய்தி உள்ளறைக்கு எட்டியபோது, அஞ்சலகத்தில் வேலை பார்த்துவந்த மணப்பெண், "பொண்ணுக்கும் ரெண்டாவது கையெழுத்து வேணுமாக்கும்?" என்று கேட்டதாக அக்குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இவ்வழக்கம் அவருக்குத் தொழிலிலிருந்து வந்தது. அவர் ஒரு மருத்துவ இயற்பியலாளர். இப்பெயரைக் கேட்டவர்களிற் பாதிப்பேர் உடனே தங்கள் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவர். மீதிப்பேர் தங்கள் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் தனிப்பாடம் எடுக்க முடியுமா என்பர். இரண்டும் அவர் வேலையல்ல. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுத் தருவதை எங்கள் பக்கத்தில் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். கரண்டு எங்கே வைக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். எவ்வளவு, எத்திசையிலிருந்து, பக்கத்திலுள்ள நல்ல உறுப்பு எவ்வளவு தாங்கும் என்பவற்றைக் கணக்கிடுபவரும், இயந்திரம் அக்கணக்கின்படியே பொழிகிறதா என்று அளந்து பார்ப்பவரும் மருத்துவ இயற்பியலாளர். அவர் கணக்குத் தவறினால் அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. பல மாதங்கள் கழித்து நோயாளியின் கையோ காலோ மரத்துப்போகும்போதுதான் தெரியும்.

ஆகையால் விதி ஒன்று இருந்தது. முதலாம் இயற்பியலாளர் திட்டமிட வேண்டும். இரண்டாம் இயற்பியலாளர் அதைத் தனியே சரிபார்க்க வேண்டும். இருவர் கையெழுத்தும் இல்லாமல் யாருக்கும் கரண்டு வைக்கலாகாது. விதிகளிலேயே சந்தனராஜ் மனமுவந்து மதித்த விதி அதுதான். ஒருவன் தன் பிழையைத் தானே தேடினால், முதலில் எவ்விடத்தைக் காணாது விட்டானோ அவ்விடத்தையே மறுபடியும் காணாது விடுவான் என்பது அவருடைய உறுதியான கருத்து.

அவர் பணிபுரிந்த நிலையம் திருமயம் போகும் சாலையோரத்தில், வெள்ளாற்றைத் தாண்டியதும் இருந்தது. பெயர்ப்பலகையில் இருந்த நீண்ட பெயரை ஒருவரும் முழுதாக வாசித்ததில்லை. 'கரண்டு ஆஸ்பத்திரி' என்றால் பேருந்து நிற்கும். திறப்பு விழாவின்போது இரண்டு இயற்பியலாளர் பணியிடங்கள் அறிவிக்கப்பட்டு, இரண்டிலும் ஆள் இருந்தனர். பின்னர் இரண்டாமவரான பிரவீன்குமாருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவர் போன மறுநாளே, இரண்டாம் இயற்பியலாளர் இல்லை, விரைந்து நியமிக்க வேண்டும் என்று சந்தனராஜ் மேலிடத்துக்கு எழுதினார். சில மாதங்களில் பதில் வந்தது. இரண்டாம் இயற்பியலாளர் இல்லை என்பதை இரண்டாம் இயற்பியலாளரிடம் சான்றொப்பம் பெற்று அனுப்புமாறு அதிற் கேட்கப்பட்டிருந்தது.

நிலையக் கண்காணிப்பாளர் டாக்டர் சூர்யநாராயணன் பண்பானவர். எலும்பு முறிவு மருத்துவர். ஓய்வு பெறுவதற்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. அக்கொஞ்ச காலத்தை எவ்வித எலும்பும் முறியாமற் கழித்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே விருப்பம். அவர் சந்தனராஜை அழைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, நிதானமாக விளக்கினார்.

"நீங்க ஆள் கேக்குறீங்க. வேலை நின்னுபோச்சுன்னு நான் எழுதுனா, ஏன் நிறுத்துனீங்கன்னு மெமோ வரும். வேலை நிக்கலைன்னு எழுதுனா, அப்புறம் ஆள் எதுக்குன்னு கேப்பாங்க. அதனால நான் எதையும் எழுதுறதில்ல. ஒங்களையே ரெண்டாவது பணியிடத்துக்கு முழுக் கூடுதல் பொறுப்புல போட்டு ஆர்டர் தர்றேன். ஒரு தாசில்தார் லீவுல போனா, பக்கத்துத் தாலுகா தாசில்தார் பொறுப்புப் பார்க்கலையா?"

"பக்கத்துத் தாலுகா தாசில்தார் வேற ஆளுங்க சார்."

"நீங்களும் அந்தச் சேர்ல உக்காந்துட்டா வேற ஆளுதான்," என்றார் கண்காணிப்பாளர்.

இவ்வாறு சந்தனராஜ் இருவரானார். அறையில் இரண்டாவது மேசை ஒன்று போடப்பட்டு, அதன்மேல் அவர் பெயரே எழுதிய இரண்டாவது பலகை வைக்கப்பட்டது. முற்பகலில் முதல் மேசையில் அமர்ந்து நீல மையினால் திட்டமிட வேண்டும். பிற்பகலில் இரண்டாம் மேசையில் அமர்ந்து கறுப்பு மையினால் சரிபார்க்க வேண்டும். தொடக்கத்தில் அவர் கோப்பை இந்த மேசையிலிருந்து எடுத்து அந்த மேசையில் வைத்துக்கொண்டார். தணிக்கையாளர்கள் அதனைக் குறையாகக் கண்டனர். கோப்பு உரிய வழியிற் செல்லவில்லையாம். அதன் பின்னர் முதல் மேசையிலிருந்து கிளம்பிய கோப்பு மாடியேறி, கண்காணிப்பாளர் அலுவலகத்தில் முத்திரை வாங்கி, மறுநாள் மாடியிறங்கி, கைநீட்டினால் எட்டும் தூரத்திலிருந்த இரண்டாம் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஒருநாள் இரண்டாம் மேசையில் இருந்த சந்தனராஜ், முதல் மேசையில் இருந்தபோது இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தார். சிறு பிழை, உடனே திருத்தினார். அலுவலகம் அதை ஒப்பவில்லை. பிழை செய்தவரிடம் விளக்கம் கேட்காமல் திருத்தியது முறையன்று என்று கோப்புத் திரும்பிவந்தது. அவர் தம்மிடமே விளக்கம் கேட்டு எழுதினார். தாமே வருத்தம் தெரிவித்துப் பதிலும் எழுதினார். எச்சரிக்கை செய்யாமல் விளக்கத்தை ஏற்றதற்குக் காரணம் கேட்டு மற்றொரு குறிப்பு வந்தது. எனவே அவர் தம்மைக் கடுமையாக எச்சரித்தார். ஊதிய உயர்வை நிறுத்திவைக்குமாறு அவர் தமக்கெதிராகப் பரிந்துரைப்பாரா என்று அலுவலகம் சில வாரங்கள் காத்திருந்தது. அதற்குப் பின் இரண்டாம் மேசையில் பிழை காண்பது அரிதாயிற்று. நிலையத்தில் பிழைகள் வெகுவாகக் குறைந்துவிட்டதாக ஆண்டறிக்கையில் அச்சிட்டார்கள்.

இவற்றையெல்லாம் சந்தனராஜ் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று. கதிர்வீச்சுப் பாதுகாப்பும் அவர் பொறுப்பில் இருந்தமையால், ஞாயிற்றுக்கிழமையிற்கூட அனுமதியின்றி அவர் தலைமையிடத்தை, அதாவது நிலையம் இருந்த ஊரை, விட்டு நீங்கலாகாது. தம் இடத்தில் இரண்டாம் இயற்பியலாளர் இருப்பார் என்று அந்த இரண்டாம் இயற்பியலாளரே சான்றளித்தால் அனுமதி உண்டு. ஆவூரில் மாதா கோயில் தேர்த்திருவிழா வந்தது. முதலாமவராக விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் அக்கடிதம் இரண்டாம் மேசைக்கு வந்தது. இரண்டாமவராக, தாம் ஊரில் இருக்கப் போவதில்லை என்ற உண்மையை எழுதிக் கையெழுத்திட்டார். விடுப்பு மறுக்கப்பட்டது.

"நீங்களே ஒங்களுக்கு லீவு குடுக்கலையா?" என்று ஸ்வீட்டி கேட்டாள்.

"வேற மாதிரி எழுதியிருந்தா பொய்யாயிருக்கும்ல."

"எங்க ஆபீசுல நூறு ரூபா ஸ்டாம்பு குறைஞ்சாலே ரெண்டு பேரு எண்ணிப் பார்க்கணும். அந்த ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னா போஸ்ட்மாஸ்டரே சிரிப்பாரு. சரி, அந்த ரெண்டாவது ஆளையாச்சும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. திருவிழாவுக்கு நான் அவரோட போயிட்டு வாரேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சந்தனராஜ் அன்று பூட்டைத் தாமே இழுத்துப் பார்த்தார்.

இந்நிலையிற்றான் கட்டுமாவடியிலிருந்து முத்தாள் வந்தாள். கடற்கரையில் ஏலத்தில் மீன் எடுத்து ஊர்ஊராக விற்பவள், ஐம்பதைத் தாண்டியவள், அடிநாக்கில் புற்று. துணைக்குத் தங்கையை அழைத்து வந்திருந்தாள். பேசினால் வலிக்கும் என்று மருத்துவர் சொல்லியும் பேச்சை நிறுத்தவில்லை. கரண்டு வைக்கும்போது தலை அசையாதிருக்க, முகத்தின் அச்சில் வலைக்கூடு ஒன்று செய்வார்கள். அதைச் செய்து அவள் கையில் கொடுத்தபோது, "இந்த மூஞ்சியோட ஏலத்துக்குப் போனா ஒரு பய எனக்கு எதிர நின்னு வெலை கேக்க மாட்டான்," என்றாள். வாயைத் திறந்து சிரித்தபோது கடைவாயில் உலோகப் பற்கள் மின்னின.

அப்பற்கள்தாம் சந்தனராஜைச் சிறைப்பிடித்தன. ஸ்கேன் படத்தில் உலோகத்திலிருந்து வெண்கீற்றுகள் நாற்புறமும் தெறித்து, நாக்கின் அடியை மறைத்தன. அக்கீற்றுகளுக்குப் பின்னால் எது சதை, எது வெறும் நிழல் என்பதை இயந்திரம் சொல்லாது. மனிதன்தான் கண்ணால் பார்த்து முடிவு செய்து, கையால் வரைந்து, அதன்மேற் கணக்கிட வேண்டும். அதற்குச் சற்றுப் பின்னால் தண்டுவடம் ஓடியது. முடிவு ஒரு பக்கம் தவறினால் புற்று மிஞ்சும்; மறுபக்கம் தவறினால் தண்டுவடம் கேடுறும். முற்பகலில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாள் பிற்பகலில் இரண்டாம் மேசையில் அமர்ந்து, கறுப்புப் பேனாவைத் திறந்து, படத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோற் பார்த்தார். அதே முடிவுக்கு வந்தார். மேசை மாறிற்று; மையும் மாறிற்று; கண்கள் மாறவில்லை. தம் கணக்குச் சரி என்பதனால் அதே விடை வந்ததா, தாம் சந்தனராஜ் என்பதனால் வந்ததா என்று அவருக்கு விளங்கவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

மருத்துவர் அபிராமியிடம் சென்று கேட்டார். ஒரு நாளைக்கு நூறு நோயாளிகளைப் பார்க்கும் அவர், வாயில் பாதி இட்டிலியோடு படத்தைப் பார்த்தார். "கட்டி எங்க இருக்குன்னு நான் சொல்லிட்டேன் சார். அதுக்கு மேல அந்த நிழலுக்குள்ள என்ன அடர்த்தி வைக்கிறதுங்கறது ஒங்க வித்தை. தெரியாத எடத்துல நான் தலையாட்டுனா, அதுவும் ஒங்க தலை ஆடுன மாதிரிதான். தஞ்சாவூர்ல ஒங்ககூடப் படிச்ச சுகுணா இயற்பியலாளரா இருக்காங்கல்ல, அவங்ககிட்ட காட்டக் கூடாதா?"

காட்டலாம். ஆனால் நிலையத்தின் கணினியிலிருந்து படங்களை வெளியே அனுப்பத் தடை இருந்தது. நோயாளி தன் படத்தைத் தானே வாங்கிக்கொண்டு போகத் தடையில்லை. ஆயினும் படம் மட்டும் போனாற் போதாது. எவ்விடத்தைச் சதை என்றும் எவ்விடத்தை நிழல் என்றும் தாம் கொண்டதைப் பக்கத்தில் அமர்ந்து விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதற்குத் தலைமையிடத்தை விட்டு நீங்க வேண்டும். அதற்கு இரண்டாம் இயற்பியலாளரின் சான்று வேண்டும்.

முத்தாளின் கோப்பு இரண்டாம் மேசையிற் கிடந்தது. அவளும் தங்கையும் வாரம் தவறாமல் வந்து, வராந்தாவில் அமர்ந்திருந்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அவள் நேரே அறைக்குள் வந்துவிட்டாள். குரல் முன்னைக்கு இப்போது கரகரத்திருந்தது.

"கணக்கு வரலைன்னா வரலைன்னு சொல்லிருங்க தம்பி. நான் ஊரைப் பார்த்துப் போறேன். எச்சி முழுங்கவே உசுரு போகுது."

"கணக்கு வருதுக்கா. அது சரியான்னு பார்த்துச் சொல்ல இன்னொரு ஆளு இல்ல."

முத்தாள் மேசைகளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியும். "அந்தா, ரெண்டு பலகை இருக்கே."

"ரெண்டும் நான்தான்."

அவள் சிரிக்கத் தொடங்கி, வலியால் தாடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தாள். பிறகு மெல்லிய குரலிற் கேட்டாள்: "சரி தம்பி. அந்த ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் தைரியம் இருக்கா?"

சந்தனராஜ் அடுத்த வாரம் கட்டாயம் ஒரு வழி செய்வதாகச் சொல்லி அனுப்பினார். எந்த வழி என்று அவருக்கே தெரியாது.

அடுத்த வாரம் வழி வரவில்லை, குழு வந்தது. நாடு முழுவதற்கும் மருத்துவ இயற்பியலாளர் எத்தனை பேர் தேவை என்பதைக் கண்டறிய அமைக்கப்பட்ட மனிதவளத் தேவைக் கணிப்புக் குழு அது. தலைவர் கோபிநாத் என்னும் உயரதிகாரி. குழுவில் ஐந்து பேர் இருந்தனர். அவர்களில் ஒருவரும் மருத்துவ இயற்பியலாளர் அல்லர். குழுவுக்கு ஓர் இயற்பியலாளர் தேவையா என்று ஆராய்ந்ததாகவும், அத்தேவையைக் கணிக்க வேண்டியதும் அக்குழுவே ஆகையால் முடிவு நிலுவையில் இருப்பதாகவும் கோபிநாத் விளக்கினார். சந்தனராஜின் மனத்தில் நெடுநாளைக்குப் பின் ஒரு நம்பிக்கை பிறந்தது. தேவையைக் கேட்பதற்கென்றே சிலர் வந்திருக்கிறார்கள் அல்லவா?

ஆய்வுக் கூட்டத்தில் கோபிநாத் தம் குழுவின் நெறியை எல்லாருக்கும் எடுத்துரைத்தார். மென்மையாகவும் தெளிவாகவும் பேசினார்.

"சிகிச்சை தேவைப்படுறவங்க எல்லாரையும் கணக்குல எடுத்தா, இயற்பியலாளர் ஏராளமா வேணும்னு வரும். அது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால தேவைப்படுறவங்களை நாங்க எண்ணுறதில்லை. சிகிச்சை கிடைச்சவங்களை மட்டும்தான் எண்ணுறோம். இயற்பியலாளர் குறைவா இருக்கறதால சிகிச்சை கிடைச்சவங்களும் குறைவு. ஆக, இருக்கற இயற்பியலாளரே போதும்னு கணக்கு அழகா நேர் ஆயிடுது. தேவையும் இருப்பும் இவ்வளவு கச்சிதமாப் பொருந்தற துறை இந்த நாட்டுல வேற இல்லைன்னு நான் பெருமையாச் சொல்லுவேன்."

சூர்யநாராயணன் கைதட்டினார். ஆகவே மற்றவர்களும் தட்டினர்.

பிறகு குழுவினர் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தனர். இயற்பியலாளர் அறைக்கு முற்பகலில் ஒருமுறை வந்தனர்; முதல் மேசையில் ஒருவர் இருந்தார்; இரண்டாம் நாற்காலி காலியாக இருந்தது. மதிய உணவு உண்டு பிற்பகலில் மறுபடி வந்தனர். இரண்டாம் மேசையில் ஒருவர் இருந்தார். முதல் நாற்காலி காலியாக இருந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டனர். இரண்டு பணியிடங்களும் நாளிற் பாதி வேலையின்றி இருக்கின்றன; இரு பாதிகளையும் கூட்டினால் ஒரு முழுமை; ஆகவே ஒருவர் உபரி.

சந்தனராஜ் எழுந்து நின்றார். "ஐயா, அந்த ரெண்டு பேரும் நான் ஒருத்தன்தாங்க."

"தெரியும். ஃபைல்ல இருக்கு," என்றார் கோபிநாத், சற்றும் சினமின்றி. "நீங்க ஆளைப் பத்திப் பேசுறீங்க. நாங்க பணியிடத்தைப் பத்திப் பேசுறோம். ஆள் இன்னிக்கு இருப்பாரு, நாளைக்கு இருக்க மாட்டாரு. பணியிடத்துக்கு அந்தப் பலவீனம் கிடையாது."

சந்தனராஜ் அமரவில்லை. முத்தாளின் படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, வெண்கீற்றுகளையும் தண்டுவடத்தையும் காட்டி, இதைப் பார்க்க மற்றொரு சோடிக் கண்கள் தேவை என்றார். ஐந்து பேரும் குனிந்து பார்த்தனர். படம் தெளிவாக இல்லையே, வேறு நல்ல படம் எடுக்கக் கூடாதா என்றார் ஒருவர். பல்லைப் பிடுங்கினால் கோப்பு நிலுவை தீருமா என்று வினவினார் மற்றொருவர். கோபிநாத் மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. கோப்பின் மேலட்டையைப் பார்த்தார். இரண்டாம் மேசையில் நெடுநாள் தேங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டி, இரண்டாமவர் உபரி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை என்றார்.

ஆணை விரைவிலேயே வந்தது. ஆள் வேண்டும் என்ற கடிதத்துக்கு மாதங்கள் எடுத்துக்கொண்ட மேலிடம், ஆள் வேண்டாம் என்ற முடிவை வாரத்துக்குள் அனுப்பியது. இரண்டாம் மருத்துவ இயற்பியலாளர் சந்தனராஜ் உபரியாக அறிவிக்கப்பட்டு, மீமிசலுக்கு அப்பால் கடலோரத்தில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த நிலையத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே கட்டடம் இருந்தது. இயந்திரம் இன்னும் வரவில்லை. அங்குப் போய் என்ன செய்வது என்று சந்தனராஜ் கேட்டபோது, "அங்க ஆள் இருக்காருன்னு காட்டுனாத்தான் மெஷின் வரும்," என்றார் சூர்யநாராயணன். "இங்க மெஷின் இருக்கே, ஆள் வரலையே சார்?" என்றதற்கு, அது வேறு கணக்குத் தலைப்பிலுள்ள செலவு என்று விடை கிடைத்தது.

ஆணையில் இரண்டு பத்திகள் இருந்தன. சனிக்கிழமை பிற்பகல் இரண்டாம் இயற்பியலாளர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு உடனே தலைமையிடத்தை விட்டு நீங்க வேண்டும் என்றது முதற்பத்தி. முதலாம் இயற்பியலாளர் எக்காரணம் கொண்டும் தலைமையிடத்தை விட்டு நீங்கலாகாது என்றது இரண்டாம் பத்தி. சந்தனராஜ் அதை ஒருமுறை படித்தார். வழக்கம்போல ஸ்வீட்டியிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

அவள் படித்து முடித்து, தாளை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். "ரெண்டுல எந்த ஆர்டருக்கு நீங்க கீழ்ப்படிஞ்சாலும் அடுத்த ஆர்டரை மீறுன மாதிரிதான். எப்படியும் மெமோ வரத்தான் போகுது. வாங்குற மெமோவை உருப்படியா எதுக்காச்சும் வாங்குங்க," என்றாள்.

அன்று மாலையே அவர் தஞ்சாவூருக்குத் தொலைபேசியிற் பேசினார்.

சனிக்கிழமை மதியம் சூர்யநாராயணன் முத்தாளின் கோப்புடன் தாமே மாடியிறங்கி வந்தார். நிலுவை வைத்துக்கொண்டு ஒருவர் விடுபட முடியாது. ஆகவே இரண்டாம் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டால், திங்கட்கிழமையே அந்த அம்மாளுக்குக் கரண்டு தொடங்கிவிடலாம், எல்லாருக்கும் நல்லது என்றார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. சந்தனராஜ் கோப்பை வாங்கிக்கொண்டார். தம் கணக்குச் சரியாகவும் இருக்கலாம். கறுப்பு மைப் பேனா பக்கத்திலேயே இருந்தது. வராந்தாவில் முத்தாள் சுவரிற் சாய்ந்து கண்மூடி அமர்ந்திருப்பது திறந்த கதவு வழியே தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் அவள் காத்திருப்பு அன்றே முடிந்துவிடும்.

"விழா முடிஞ்சு தர்றேன் சார்," என்றார்.

விழாவா என்று வாசகர் வியக்க வேண்டா. மாற்றலாகிப் போகும் எவருக்கும் வழியனுப்பு விழா நடத்துவது அந்நிலையத்தின் மரபு. பணியாளர் மன்றம் அதை ஒருபோதும் தவறவிட்டதில்லை. கூட்ட அறையில் பதாகை கட்டியிருந்தார்கள். அதன் இடப்புறத்தில் வழியனுப்புபவர் என்றும், வலப்புறத்தில் விடைபெறுபவர் என்றும் சந்தனராஜின் படங்கள் இருந்தன. இருவரும் ஒருவரையொருவர் நோக்கும்படி அச்சகத்தார் ஒரே படத்தைத் திருப்பிப் போட்டிருந்தனர். கேசரியும் மிக்சரும் வழங்கப்பட்டன. முத்தாளின் தங்கைக்கும் ஒரு தட்டு கிடைத்தது. முத்தாள் தன் பங்கைத் தொடாமல் அவளிடமே கொடுத்தாள்.

சூர்யநாராயணன் தலைமையுரை ஆற்றினார். இரண்டாம் இயற்பியலாளர் இந்நிலையத்தில் இருந்த காலம் முழுவதும் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்றார். அவருக்கும் முதலாம் இயற்பியலாளருக்கும் இடையே ஒரேயொரு முறை, அதுவும் கோப்பில், கருத்து வேறுபாடு எழுந்தது. மற்றபடி இருவரும் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்தார்கள் என்று சொன்னபோது அவருடைய குரல் சற்றுத் தழுதழுத்தது. விடைபெறுபவருக்கு வழியனுப்புபவர் சால்வை அணிவிப்பார் என்று அறிவிக்கப்பட்டது. சந்தனராஜ் சால்வையை வாங்கித் தம் தோளிற் போட்டுக்கொண்டார். கைதட்டினார்கள். அபிராமி மட்டும் தட்டாமல், தலையைக் குனிந்து தட்டிலிருந்த மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி நிரலின்படி முதலாம் இயற்பியலாளர் வாழ்த்துரையும், இரண்டாம் இயற்பியலாளர் ஏற்புரையும் வழங்க வேண்டும். சந்தனராஜ் எழுந்து, முத்தாளின் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டுக்குமாக ஒரே முறை ஒலிவாங்கியின் முன் நின்றார். அவருக்குக் கூட்டத்திற் பேசிப் பழக்கமில்லை. கடைசி வரிசையில் இருந்த முத்தாளைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாவது ஆளை ரிலீவ் பண்ணிட்டீங்க. உடனே ஊரை விட்டுப் போகணும்னு ஆர்டர் இருக்கு, போறேன். நாளைக்குக் காலைல முத்தாளக்காவையும் அவங்க படத்தையும் கூட்டிக்கிட்டுத் தஞ்சாவூர் போறேன். அங்க சுகுணான்னு ஒருத்தங்க பார்ப்பாங்க. அவங்க சரின்னு சொல்லி அவங்க பேர்லயே எழுதிக் குடுத்தா, திங்கக்கிழமை இங்க கரண்டு வைக்கலாம். தப்புன்னு சொன்னா நான் திருத்துவேன். அதுக்கு வர்ற மெமோவை முதலாவது ஆளு வாங்கிக்குவாரு."

கோப்பைத் திறந்து, வெறுமையாக இருந்த இரண்டாம் வரியை ஒருமுறை பார்த்துவிட்டு, மூடினார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் என் மேசையில மட்டும் உக்காருவேன். ஒரு எடத்துலதான் கையெழுத்துப் போடுவேன்."